சுருக்கம் விட்டுத் தைத்த ஷூ

போன வாரம் கம்மாபுரம் போகிற வழியில் வண்டி பஞ்சர். ரோட்டில் கிடக்கிற ஆணியெல்லாம் என் டயரைத் தேடி வந்துதான் குத்தும், அது என் ஜாதக விசேஷம். உருட்டிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் டியூப்பைத் தேய்த்துவிட்டு சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா சார், டியூப்புல ரெண்டு ஓட்டன்றேன், நீங்க சிரிக்கிறீங்க?"

அவரிடம் எதைச் சொல்வது? அந்த வாசனைக்கு நானும் ஜபாரும் ஒரு மழைக்காலம் முழுக்க அடிமையாகக் கிடந்தோம் என்றால் வேறு விதமாக நினைத்துக்கொள்வார். நாங்கள் ஷூ தைத்தோம், அவ்வளவுதான். உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கப்பு, சாசர், அகல் விளக்கு, தும்பிக்கை மட்டும் அடிக்கடி உடைகிற பிள்ளையார் எல்லாம் செய்வோம். எனக்கு அச்சு செய்கிற பிரிவு. பக்கத்து மேசையில் ஜபார், மங்கலம்பேட்டைக்காரன். அந்த ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில்தான் இருப்பார்கள். இவனுக்கும் விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் எதைச் செய்தாலும் "விசா வர்ற வரைக்கும்" என்று ஆரம்பிப்பான். விசா வருகிற வரைக்கும் மீசை வைத்தான். விசா வருகிற வரைக்கும் புரோட்டா சாப்பிடுவதை நிறுத்தினான், அது மறுநாள் சாயங்காலம் வரை நீடித்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர், பேச்சே இல்லை, தோலை வெட்டுகிறார், தைக்கிறார், கடைசியில் பளபளவென்று ஒரு ஷூ. பார்த்து முடித்ததும் ஜபார் டிபன் பாக்ஸை மூடினான்.

"இதுல நமக்குத் தெரியாதது என்னாடா இருக்குது? காலு ஒரு மாடலு. அதுக்கு ஒரு அச்சு. மேல தோலு. முடிஞ்சிது."

"தைக்கணுமேடா."

"தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நான் பிளேன் ஏறும்போது நாம தைச்ச ஷூவுலதான் ஏறுவேன். கடையில வாங்குனதப் போட மாட்டேன். எழுதி வெச்சிக்க."

எனக்கு அந்த நிமிஷமே தலைக்கேறிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஷூ முடியாதவரை இவன் போகமாட்டான் என்று என் மனசு ஒரு தப்புக் கணக்குப் போட்டது. அவன் இல்லாத யூனிட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவன் அக்காவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து தோல் துண்டுகள் பஸ் பார்சலில் வந்தன. அந்தப் பார்சலைப் பிரித்தபோது அடித்த வாசனை இருக்கிறதே, புதுப் புத்தகமும் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்த மாதிரி. நான் ஒரு துண்டை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்களுடையது தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்த குடும்பம். அம்மா வாசலிலேயே மறித்தார்.

"தோலயா வூட்டுக்குள்ள கொண்டாற? மண்ணுல கைய வெச்சா கழுவிக்கலாம். இதுல கைய வெச்சா ஊரு வாய எதால கழுவுறது?"

"நீ போட்டிருக்கிற செருப்பு என்னாம்மா, வாழை மட்டையா?"

"அது காலுல கெடக்குது."

காலில் போட்டால் ஒன்றுமில்லையாம், கையில் தொட்டால் குற்றமாம். இந்த நியாயத்தை நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கோபமாக வந்தது. ஆனால் அம்மா வாசலை விட்டு நகரவில்லை. தோலும் நானும் மங்கலம்பேட்டைக்கே திரும்பினோம். ஜபார் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தொழிற்சாலை அதுதான்.

முதல் வேலை கால் அச்சு. ஜபாரின் காலில் சோப்புக் கரைசல் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றினேன். அது இறுகும்போது சுடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அச்சு செய்கிற கைக்கு அது தெரியும், காலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"டேய் வேவுதுடா! காலு வேவுது!"

"ஆடாத, அச்சு ஒடஞ்சிடும்."

"அச்சு ஒடஞ்சா வேற ஊத்திக்கலாம்டா, காலுக்கு எங்க போவ?"

கீழே இருந்து அவன் அம்மா ஓடிவந்து பார்த்தார். மகன் முழங்கால் வரை வெள்ளையாக உட்கார்ந்து அலறுகிறான், நான் அவன் தொடைமேல் ஏறி அழுத்திப் பிடித்திருக்கிறேன். "விசா வர்றதுக்குள்ள இவன நொண்டியாக்கிடாதப்பா" என்றார். பெயர்த்தெடுத்தபோது அச்சின் உள்பக்கம் ஒரு காடே ஒட்டியிருந்தது. ஜபாரின் காலில் அதற்குப் பிறகு வெகுநாள் முடி முளைக்கவில்லை.

அந்த அச்சில் மறுபடி சாந்து ஊற்றி எடுத்தால் அசல் கால், வெள்ளையாக, நரம்பு புடைத்ததுகூடத் தெரிந்தது. அடுத்த காலுக்கும் அதே அலறல். பிறகுதான் உண்மையான திண்டாட்டம். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் கோத்து இழுக்க வேண்டும். வீடியோவில் தாடிக்காரர் பூத்தொடுப்பது மாதிரி இழுப்பார். நான் இழுத்தால் நூல் அறும், ஜபார் இழுத்தால் தோல் கிழியும். முதல் ஜோடியில் இரண்டுமே இடது காலுக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த சாயங்காலம் கொட்டகையில் உருண்டு உருண்டு சிரித்ததில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா கவிழ்ந்து என் கைலி தரையோடு ஒட்டிக்கொண்டது. அவன் தம்பியுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன், அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

இரண்டாவது ஜோடி நன்றாக வந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் அழகு. காப்பிக்கொட்டை நிறம், தையல் ஏறக்குறைய நேர்க்கோடு. அது முடிகிற நேரம் பார்த்து விசாவும் வந்துவிட்டது. ஜபார் குளித்து, புதுச் சட்டை போட்டு, "பிஸ்மில்லா" என்று சொல்லிக் காலை விட்டான். எழுந்து நின்று ஒரு எட்டு வைத்தான். கால் வந்தது, ஷூ வரவில்லை.

மறுபடி போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, மறுபடி நடந்தான். ஷூ அங்கேயே நின்று அவனை வழியனுப்பியது.

அவன் அம்மா எட்டிப் பார்த்தார். "இது என்னப்பா, ஷூவா ஓடமா? மணிமுத்தாத்துல தண்ணி வந்தா வுட்டுப் பாக்கலாம்."

நான் மெதுவாக வாயைத் திறந்தேன். "டேய்... நான் அந்தச் சாந்துக் காலுக்கு மேல லேசா ஒரு பூச்சு கொடுத்தேன்டா. சுருக்கத்துக்கு."

ஜபாரின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நீயுமா? நீ சுருக்கம் வுடலன்னு நெனச்சில்ல நான் ஒரு பூச்சு கொடுத்தேன்!"

செராமிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. மண்ணில் செய்த கப்பு காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது சிறுத்துவிடும். அதனால் மாதிரி உருவத்தை முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்வோம், அதற்குப் பெயர் சுருக்கம் விடுவது. அது எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். தோலை யாரும் சூளையில் வைக்கப்போவதில்லை என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. வெள்ளை மேல் வெள்ளைப் பூச்சு என்பதால் ஒருவன் செய்தது மற்றவனுக்குத் தெரியவும் இல்லை. அச்சு பெரிதாக இருக்கிறதே என்றும் தோன்றவில்லை. பெரிதாக இருந்தால்தான் எங்கள் கண்ணுக்கு அது சரியான அச்சு.

"இப்ப என்னாடா பண்றது?"

"சூளையில வெச்சிப் பாப்பமா?"

அவ்வளவுதான். நின்று சிரித்து, உட்கார்ந்து சிரித்து, அவன் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கண்ணில் வந்ததில் கொஞ்சம் வேறு தண்ணீரும் கலந்திருந்தது. வேறு தைக்க நாள் இல்லை. ஆனால் ஜபார் சொன்ன சொல் மாறவில்லை. கப்பு சாசருக்குப் பொதி கட்டுகிற வைக்கோலை யூனிட்டிலிருந்து கொண்டுவந்து, ஷூவின் முனையில் திணித்துக்கொண்டு விமானம் ஏறப் போனான்.

உள்ளே போய்ச் சோதனையெல்லாம் முடிந்ததும் போன் பண்ணினான். சிரிப்பில் பேச்சே வரவில்லை. "ஷூவ கழட்டச் சொன்னாங்கடா. தட்டுல வெச்சா வைக்கோலு கொட்டுது. அந்த ஆபீசரு கேக்குறாரு, ஏம்ப்பா, மாடு எதுனா கூட வருதான்னு!"

அங்கே போயும் அதைத்தான் போட்டான். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் பேசும்போது, "டேய், வைக்கோலு இல்லாமலே சரியா இருக்குதுடா. சுருக்கம் வந்துடுச்சி" என்றான். ஒரு நொடி நானும் நம்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. சுருங்கினது தோல் இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்து அவன் கால் வீங்கியிருக்கிறது. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அந்த யூனிட் இப்போது இல்லை. அந்த ஷெட்டில் பார்சல் கம்பெனி நடக்கிறது, வருகிற பெட்டிகளில் முக்கால்வாசி செருப்பும் ஷூவும்தான் என்கிறார்கள். மாடிக் கொட்டகையை இடித்து அங்கே கான்கிரீட் அறை கட்டிவிட்டார்கள், ஜபார் அனுப்பிய பணம்தான்.

இந்த முறை லீவில் வந்தபோது எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தான். நல்ல கம்பெனி ஷூ. என் மனைவியிடம் போனில் அளவு கேட்டு வாங்கினானாம். போட்டுக்கொண்டு அவன் எதிரில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினேன். "கரெக்டா இருக்குதா?" என்றான். "கரெக்டா இருக்குதுடா" என்றேன். கடுகளவுகூடப் பிசகில்லை, சிரிப்பதற்கு அந்த ஷூவில் ஒன்றுமே இல்லை.