அத்தையின் விண்ணப்பத்தில் நான் சேர்த்த வரி

ஓசூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. சிப்காட்டில் எந்தக் கம்பெனி ஆள் எடுத்தாலும் அங்கே ஒரே இங்கிலீஷ் கடிதத்தைத்தான் அடித்துக் கொடுப்பார்கள். பெயரும் விலாசமும் மட்டும் மாறும். கைக்கடிகார பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று பெண்களை எடுக்கிறது என்று பேச்சு வந்ததும், அப்பா தன் தங்கைக்கும் அதில் ஒன்றை வாங்கிவந்தார். அத்தை பத்தாவது படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நான் எங்க இருக்கறேண்ணா? பேரை எடுத்துட்டா யாரு வேணா இருக்கலாம்."

தளி என்ற ஊரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை திரும்பிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கான்வென்டில் ஆறாம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான்தான் என்று நினைத்திருந்தேன். அத்தையும் அப்படியே நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கஷ்டப்படுறேன்னு எழுதாத பாப்பா. என்ன வேலை தெரியும்னு எழுது."

மாமனார் தோட்டத்து ரோஜாவைத் தரம் பிரித்துக் கட்டியது, வியாபாரிகளிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசியது, நின்றுபோன அலாரம் கடிகாரத்தைத் தானே திறந்து ஓடவைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எனக்குக் கை நடுங்காது. அதையும் போடு."

எழுதி முடித்ததும் எனக்குக் குறையாக இருந்தது. லீவு லெட்டரில்கூட காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது இருந்தால்தான் சிஸ்டர் மனமிரங்குவார். இதில் கஷ்டமே இல்லையே. கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தை பசை எடுக்கப் போன நேரத்தில், கீழே என் அழகான எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: என் அத்தை தினமும் குளிக்கும்போது அழுகிறாள், தயவுசெய்து வேலை கொடுங்கள். கவரை நானே ஒட்டினேன்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கார்டு வந்தது. அம்மாவின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போன அத்தை, சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வது எனக்குக் கேட்டது.

"நாலு ஆம்பளைங்க அண்ணி. நான் அழுவறேன்னு பாப்பா கடைசியில எழுதியிருந்த வரியை ஒருத்தரு சத்தமா படிச்சாரு. நிஜமாம்மான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நிஜந்தான் சார்னேன். அழுவேன், ஆனா கை நடுங்காதுன்னேன். எள்ளு மாதிரி ஸ்குரூவைத் தட்டுல கொட்டி, இடுக்கியில எடுக்கச் சொன்னாங்க. ஒண்ணுகூடக் கீழ விடாம எடுத்து வெச்சேன்."

என் மனதில் நின்றது ஒன்றுதான்: ஆபீசர் என் வரியைச் சத்தமாகப் படித்திருக்கிறார்!

அத்தைக்கு வேலை கிடைத்தது. என் வரியால்தான் கிடைத்தது என்று வகுப்பிலும் தெருவிலும் சொல்லித் திரிந்தேன். அத்தை ஒரு நாளும் மறுக்கவில்லை, என்னைத் திட்டவுமில்லை. யாராவது, "அப்படி என்னாடி எழுதின?" என்று கேட்டால் மட்டும், நான் வாய் திறப்பதற்குள், "எங்க பாப்பா நல்லா எழுதுவா" என்று சொல்லி, சர்க்கரை வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். நான் அந்த நல்ல கதையைச் சொல்ல வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சர்க்கரை ஏன் தீர்ந்துபோகிறது என்று நான் யோசித்ததே இல்லை. மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்கலாமே என்று சந்தோஷமாக ஓடினேன்.