தொண்ணூற்றாறு வாங்கிய நுரையீரல்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குக் கடலையை மேலே எறிந்து வாயால் பிடிக்கும் வித்தை தெரியும். மலேசியாவில், குளுவாங் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் அவர் அதைச் செய்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டு வயதில் எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஐந்தாவது கடலையைப் பிடித்தும்விட்டேன். பிடித்த சந்தோஷத்தில் சிரித்துத் தொலைத்ததுதான் வினை, கடலை உள்ளே போய்விட்டது. கண்ணீர் வர இருமினேன், பிறகு அடங்கியது. அம்மாவுக்குத் தெரிந்தால் இருவர் தோலையும் உரித்துவிடுவார் என்பதால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

இருமல் மட்டும் விட்டபாடில்லை. உடம்புச் சூடு என்று அம்மா மூன்று நாளும் பார்லி தண்ணீராக ஊற்றினார். பார்லிக்கு அடங்காத நோய் உண்டென்று எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. நாலாம் நாள் மாமாவின் காரில் கிளினிக்குக் கிளம்பினோம்.

டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, விரலில் ஒரு கவ்வியை மாட்டினார். திரையில் தொண்ணூற்றாறு வந்தது. கணக்கில் எழுபதைத் தாண்டாதவள் நான், பூரித்துப்போனேன். ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

மாமா கதவருகே அசையாமல் நின்றார். "அக்கா, கொஞ்சம் உக்காருங்க. கச்சாங் தூக்கிப் போட்டுப் பிடிக்க இவளுக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன். ஒன்னு உள்ள போயிருச்சு."

அம்மா பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. டாக்டரம்மா மறுபடியும் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வலப்பக்கம் கீழே மூச்சுச் சத்தம் குறைவாக இருந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் கடலையை எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது. கடலை அடைத்த பகுதிக்குக் காற்று போகவில்லை. உடனே அங்கிருந்த ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிவிட்டிருக்கின்றன. ஆள் நிற்காத இடத்துக்கு எதற்கு பஸ் என்கிற மாதிரி. அட, என்ன கெட்டிக்காரத்தனம்! அதனால்தான் உள்ளே ஒரு மூலை அடைபட்டுக் கிடந்தும் எண் குறையவில்லை.

நுரையீரலின் கணக்காவது பிறகு புரிந்தது. மாமா செய்ததைப் புரிந்துகொள்ள இன்னும் நாளாயிற்று. டாக்டரே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நானோ மறுநாள் வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், எங்கள் மாமா சரியான பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.