டென்னிஸ் புல்லுக்குக் கீழே அப்பா

பெங்களூர் லால்பாக் பூங்காவில் இன்று புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசனையில் கோலார் தங்கவயலின் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களுக்கு நடுவே இருந்த டென்னிஸ் மைதானம் திரும்பி வந்தது. அங்கே அம்மா குந்தியபடி களை பிடுங்க, நான் கூடையோடு பின்னால் நகர, துரைகளின் பந்து டப் டப்பென்று அடிபட்டுக்கொண்டிருக்கும்போதே பூமிக்கடியில் சுரங்க வெடி கும்மென்று முழங்கி உள்ளங்காலில் ஏறும். அம்மா சட்டென்று புல்லில் கையை ஊன்றிக்கொள்வாள்.

"இன்னாம்மா?"

"ஒங்கப்பா இங்கதான் கீழ இருக்காரு. ஷிப்ட் முடிஞ்சா வந்துருவாரு, நீ கூடைய எடு."

அந்த மைதானத்தின்மேல் இப்போது தங்கம் பிரித்தெடுத்த கழிவான சயனைடு மண் மலையாகக் கிடக்கிறது. லால்பாக்கில் என் கையும் தானாகப் புல்லில் ஊன்றியது. நெடுநேரம் அதை எடுக்கவில்லை. அடியில் நம்மவர் யாரும் இல்லாத மண் எவ்வளவு அமைதியாக இருக்கிறது!