முதுகில் பதினொரு தெறி

நாடகத்துக்கு உடுப்புத் தைப்பவள் நாடகத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறாள். எனக்கு இன்றும் கேட்பது கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை இன்னொருத்தியின் முதுகருகே நின்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், மெல்ல எண்ணிய சத்தம்: ஐன்ஸ், ஸ்வை, ட்ரை... பதினொன்று வரை.

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் எசன் நகரில், அரபுப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் சேர்ந்து நடித்த ஒரு குழுவுக்குத் தைத்தேன். கணவர் இறந்து, மகனும் கனடாவுக்குப் போன பிறகு, வீட்டில் என்னோடு பேசியது தையல் மெஷின் மட்டும்தான். மேடைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அங்கே எல்லோரும் பேசியது டொச். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

ஐந்து பெண்கள் பிறந்த வீடு

நாடகத்தில் அக்கா தங்கையாக நடித்தவர்கள் ரீமாவும் அனியாவும். ரீமா லெபனான் முகாமிலிருந்து வந்த பாலஸ்தீனப் பிள்ளை. அனியா ஒடெசாவிலிருந்து வந்த யூதப் பிள்ளை. இருவருக்கும் பதினாறு வயது. கடைசிக் காட்சிக்கு இருவருக்கும் வெள்ளைச் சட்டை. இருட்டில், நாற்பது விநாடிக்குள் மாற்ற வேண்டும்.

நான் இரண்டு சட்டைக்கும் முதுகுப் பக்கம் பதினொரு தெறி வைத்துத் தைத்துவிட்டேன். தெறி என்றால் பொத்தான். நாங்கள் ஐந்து பெண்கள். எங்கள் வீட்டில் சட்டை என்றால் தெறி முதுகில்தான், பூட்ட யாராவது இருப்பார்கள். நெறியாளர் ஹெல்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஞ்ச எல்லாரும் தனியத்தான் உடுக்கிறவை, ஃபிராவ் தேவி. தெறியை வெட்டிப்போட்டு இழுத்துப் பூட்டுற சிப் வையுங்கோ."

றோல்ஸ்

ஒத்திகைக்கு ஒருநாள் ஆட்டிறைச்சி றோல்ஸ் செய்துகொண்டு போனேன். ரீமா கையை நீட்டிவிட்டு, "தாந்தே, இது ஹலாலோ?" என்றாள். தாந்தே என்றால் அன்ரி. உடனே அனியாவும் கையை இழுத்துக்கொண்டு, "இது கோஷரோ?" என்றாள். யூதர்களின் உணவு விதி அது. முப்பது றோல்ஸையும் ஹெல்காவும் விளக்குப் பிடிப்பவரும் தின்று தீர்த்தார்கள்.

அடுத்த கிழமை உளுந்து வடை சுட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாவது வடையோடு அனியா என் பக்கத்தில் வந்து குந்தினாள். "வீட்டில நாங்கள் பன்றியும் சாப்பிடுறனாங்கள் தாந்தே. அவள் கேக்கேக்க நான் கேக்காமல் இருக்கிறதோ?"

யாருடைய நாடு

பிறகு ஒருநாள் இஸ்ரேலில் குண்டு வெடித்த செய்தி வந்தது. ஒத்திகை நடுவில் நின்றது. "உங்கட ஆக்கள்" என்றாள் அனியா. "உங்கட நாடு" என்றாள் ரீமா. நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். "உங்கட ஆக்கள்" என்ற சொல்லின் எடை எனக்குத் தெரியும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தவள் நான்.

அனியா கத்தினாள்: "அது என்ர நாடெண்டு ஆர் சொன்னது? நான் அதை ரீவியிலதான் பார்த்தனான்!"

ரீமா செருப்பைத் தேடி எடுத்துப் போட்டாள். "நானும் ரீவியிலதான்."

நாற்பது விநாடி

இரண்டு கிழமை அவர்கள் பேசவில்லை. நாடகம் நின்றுவிடும் என்றே நினைத்தோம். நான் தெறிகளை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது ஹெல்கா என் கையைப் பிடித்தார். சிப் வேண்டாம், தெறியே இருக்கட்டும் என்றார். இனி ஒருத்தியின் கையில்லாமல் மற்றவள் மேடைக்குப் போக ஏலாது.

முதல் நாள் ரீமா எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பூட்டினாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இருட்டுக்குள் சண்டை கேட்டது. எனக்குப் பாட்டுக் கேட்டதுபோல் இருந்தது. "கை ஐஸ் மாதிரிக் கிடக்கு, எருமை!" "ஆடாமல் நில்லடி. ஏழாவது தப்பிட்டுது."

கடுதாசி

ரீமாவின் குடும்பத்துக்கு இருந்தது டுல்டுங். தங்கலாம் என்ற கடுதாசி அல்ல அது, இப்போதைக்கு அனுப்பவில்லை என்ற கடுதாசி. நானும் அதைப் பல வருடம் கைப்பையில் சுமந்தவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தின் நீண்ட நடையில் போய்க் குந்தியிருக்க வேண்டும்.

ரீமா வீட்டாரின் அடுத்த டெர்மின், அங்கே போகக் குறித்த நாள், நாடகத்தின் கடைசி மேடையேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. ரீமா தன் சட்டையைத் தானே அயன்பெட்டியால் மினுக்கிக்கொண்டு சொன்னாள்: "அப்பா பயப்பிடுறார் தாந்தே. அதுக்கு முன்னம் வேற நாட்டுக்குப் போயிடுவமெண்டுறார். அனியாவுக்குச் சொல்லாதேங்கோ. பிறகு தெறி பூட்டேக்க அழுவாள்."

கடைசிக் காட்சி

நான் சொல்லவில்லை. கடைசி மேடையேற்றத்தன்று காலை ரீமாவின் சட்டைதான் கம்பியில் தொங்கியது, அவள் வரவில்லை. இன்னொரு பிள்ளை ஜீன்ஸோடு, வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய பாத்திரத்தை ஏற்றாள்.

இருட்டில் அனியா வெள்ளைச் சட்டைக்குள் புகுந்தாள். நான் முதல் தெறியைப் பிடித்தேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவள் விலகி நின்றாள். "விடுங்கோ தாந்தே. திறந்தே கிடக்கட்டும்."

பூட்ட எதுவும் இல்லாததால் எனக்கு வேலையும் இல்லை. அன்றுதான் முதல் தடவையாக மண்டபத்துக்குப் போய், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அனியா கடைசிவரை சபைக்கு முகம் காட்டியே நடந்தாள், நின்றாள், பின்னால் எட்டு வைத்தே திரைக்குள் போனாள். கைதட்டலுக்குள் ஹெல்கா என் காதில் கேட்டார்: "நல்லாத்தான் நடிச்சாள். ஆனா ஏன் ஒருக்காலும் திரும்பேல்லை?"

பதினொரு தெறி தைக்க ஒரு பின்னேரம் போதும், அதைப் பூட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றது, அதனால் என் சட்டைகளுக்கெல்லாம் இப்போது தெறி முன்பக்கம்தான்.

ரீமா சுவீடனில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள்.