லெவாத் ஊட்டி வளர்த்த வாய்

பன்றியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதன் வாயைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படித் தின்னும், நாக்கில் குத்தாதா, வலிக்காதா? லெவாத் அலுக்காமல் பதில் சொல்வாள். குட்டியிலேயே மேல்வாய்க் கோரைப்பல் இரண்டையும் தட்டி எடுத்துவிட்டால், கீழ்ப்பல்லுக்கு உரசித் தேய எதுவும் இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்து, வளைந்து, கன்னத்தைத் துளைத்துத் திரும்பத் தாடைக்குள்ளேயே இறங்கும். அப்படி முழு வட்டம் ஆனால்தான் மலக்குலாத் தீவின் மேட்டு ஊர்களில் அந்தப் பன்றிக்கு மதிப்பு. எதையாவது கடித்துப் பல் ஒடிந்தால் அத்தனை வருஷமும் பாழ். அதனால் சேம்பையும் வாழைப்பழத்தையும் கூழாகப் பிசைந்து கையால் ஊட்ட வேண்டும்.

"உன் கையக் கடிச்சிடாதா?"

"எதால கடிக்கும்? நாக்காலதான் நக்கும், பாவம்."

"அப்போ வலிக்காதுன்னு சொல்லு."

"வாய்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

அவளுடைய வாயைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கும் மேல்வாயில் முன்பல் இரண்டு இல்லை. கல்யாணமான புதிதில் புருஷன் ஆம்போங், பன்றிகள் கொடுத்து, ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறைப்படி தட்டி எடுக்க வைத்தான். பல் போன பெண்ணுக்குத்தான் ஊரில் மரியாதை. அன்றைக்கு அவள் எச்சிலும் ரத்தமுமாக விழுங்கிக்கொண்டு கிடந்தபோது வெளியே ஆட்டம் நடந்தது.

மகள் லிசாரைக் கடற்கரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். ஒரு வள்ளிக்கிழங்கு அறுவடைக்கு அவள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வழியில் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. அவ்வளவுதான், பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அடியே, சடங்கு எப்போ நடந்துச்சு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஒண்ணுதான் எடுத்தாங்களா? உன் மாமியா கஞ்சப் பிசினாரியா இருப்பா போல!"

எல்லோரும் சிரித்தார்கள். லிசார் கையால் வாயை மூடிக்கொண்டாள். அடுப்படிக்கு வந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்: "சடங்கெல்லாம் இல்லம்மா. எம் புருஷன் கையால குத்துனான்."

அம்மாவின் பல்லுக்காவது பன்றி கொடுத்தார்கள். இவள் பல் சும்மா போயிற்று.

மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டுமானால் அவளுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டில் வாங்கிய பன்றிகளைத் திருப்பித் தர வேண்டும். அவற்றை ஆம்போங் எப்போதோ கைமாற்றிவிட்டான். ஆனால் பல் வட்டமான பன்றி ஒன்று இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் ஈடாகிவிடும். லெவாத் வளர்த்தது அவள் அண்ணன் அவளுக்கென்று கொடுத்த குட்டி. ஆம்போங்கிடம் கேட்டாள்.

"வட்டம் முழுசாகட்டும்," என்றான் அவன். "உன் பன்னி. குடுத்துட்டு உன் மகளக் கூட்டிட்டு வா. நானா வேணாங்கறேன்?"

லிசார் திரும்பிப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? லெவாத் தான் பட்டினி கிடந்தாலும் பன்றிக்குப் பிசைவதை விடவில்லை. பல் கன்னத்தைத் துளைத்த நாட்களில் புண்ணைக் கழுவினாள், ஈ ஓட்டினாள். "சீக்கிரம் வளருடா, ராசா. அவ அங்க செத்துட்டிருக்கா," என்று அதன் காதில் சொன்னாள். அது அவள் உள்ளங்கையை நக்கியது.

பல் முழு வட்டமான சமயத்தில் ஆம்போங் ஊர் ஆண்களின் வரிசையில் ஒரு படி உயர்ந்த பதவி எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். பதவிக்குப் பன்றியைக் கொல்ல வேண்டும். லெவாத் போய்ப் பன்றிப் பட்டியை மறித்து நின்றாள்.

"பயப்படாத. அதுக்குத் தம்பி பன்னி தர்றான்," என்றான். "உன்னோடதயும் சடங்குக் களத்துல நிறுத்தினா பாக்கறவன் கண்ணு விரியும். சும்மா காட்டிட்டுக் கட்டிப்போட்டுடலாம். நாளைக்கே லிசார் ஊருக்குப் போறோம். அது உன் கைக்குத்தான் வரும், நீயே கூட்டிட்டு வா."

அவளே கூட்டிக்கொண்டு போனாள். கையில் பிசைந்த சேம்பு, பின்னாலேயே பன்றி. களத்தின் ஓரம் வரைதான் பெண்கள் போகலாம். அங்கே கயிற்றை ஆம்போங்கிடம் கொடுத்தாள். தம்பி கொண்டுவந்த பன்றி எங்கே என்று பார்த்தாள். காணோம்.

ஆம்போங் கையை ஓங்கினான். கை என்றால் சோறு என்றே பழகிய பன்றி வாயைத் திறந்தது. தடி நெற்றியில் இறங்கியது.

"அடப்பாவி! அது என் மகளோடதுடா!" என்று லெவாத் கத்தியது முரசுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களும் விழாத மாதிரி இருந்தார்கள். தம்பி பன்றி தர முடியாது என்று எப்போதோ கைவிரித்துவிட்டது ஊருக்கே தெரியும். பன்றி வாயைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவர்கள், இதற்கு மட்டும் தங்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கறியில் ஒரு துணுக்குகூடப் பெண்கள் வாயில் படக்கூடாது; அது பதவிக்காரர்களின் அடுப்பில் வெந்தது. விருந்துக்கு லிசாரும் புருஷனோடு வந்திருந்தாள். இப்போது இரண்டாவது பல்லும் இல்லை. "இப்பத்தான் அப்படியே அம்மா மாதிரி இருக்கா," என்றாள் ஒருத்தி, மனதாரத்தான். லெவாத் அவள் முகத்தில் அறையாமல் இருந்ததே பெரிது. பொழுது சாயும் முன்பு லிசார் புருஷன் பின்னால் நடந்து போனாள்.

ஆம்போங்குக்கு மல்னத்தாக் என்று புதுப் பெயர் வந்தது. பழைய பெயரைச் சொன்னால் அபராதம். இனி அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும் ஆண்கள் கூடத்தில்தான். பன்றியின் தாடையையும் அங்கேதான் தொங்கவிட்டான். பெண்கள் உள்ளே போகக்கூடாது, வேலி ஓரம் நின்று கூப்பிடலாம்.

லெவாத் தினமும் போய் நின்றாள். விறகு வேண்டும் என்பாள், கூரை ஒழுகுகிறது என்பாள், ஒன்றும் இல்லாமலும் போவாள். உள்ளே இருக்கும் அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி கூப்பிடுவாள். ஒருநாள் அவன் வேலிக்கு வந்து பல்லைக் கடித்தான்.

"எனக்குப் பேரு இல்லையா? அதச் சொல்லிக் கூப்பிட உனக்கு வாய் வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள்.

மறுநாளும் வந்து நின்றாள். பல் இல்லாத வாயை நன்றாகத் திறந்து கூப்பிட்டாள்.

"லிசாரோட அப்பா! ஏ, லிசாரோட அப்பா!"