வழியனுப்புகிறவர்

சிட்னியின் கூஜி கடற்கரைப் பக்கம் ஞாயிறு மாலை நடந்தால் அயர்லாந்துக்கே வந்துவிட்டது போலிருக்கும். வேலை விசாவில் வந்த ஐரிஷ் இளைஞர்கள் தங்கள் ஊர் ஜெர்ஸியோடு பப்புகளை நிறைத்திருப்பார்கள். அப்படி ஒரு பப்பின் வாசலில்தான் அந்த செக்யூரிட்டியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, உடம்புக்குப் பெரிதான கறுப்புக் கோட்டு. வெளியே போகிற ஒவ்வொருவரிடமும், ஐரிஷ்காரர்கள் சொல்வது போலவே, "சேஃப் ஹோம்" என்பார். பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று அர்த்தம்.

அன்று ஓர் இளைஞன் அவர் தோளில் சாய்ந்து அழுதான். அம்மாவைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறதாம். அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, டாக்ஸியில் ஏற்றிவிட்டார்.

இங்கே நம்மவர்கள் பார்த்தவுடன் கேட்கிற கேள்வியை நானும் கேட்டுத் தொலைத்தேன்.

"டிசம்பருக்கு ஊருக்குப் போறீங்களாண்ணே?"

"அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, தம்பி. போனால் திரும்பி வரேலாது."

"அம்மா அங்கதான் இருக்காங்களா?"

"போன கிழமைதான் அம்மாவின்ரை செத்த வீடு. இந்த வாசல்ல நிண்டுதான் சடங்கெல்லாம் போனில பாத்தனான். உள்ளுக்கை ஒரே பாட்டு. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைச்சிருக்கச் சொல்லி மனேஜர் வந்து சொல்லிப்போட்டுப் போனார்."

கிளம்பினேன். கதவைப் பிடித்தபடி, பழக்கத்தில் என்னிடமும் சொன்னார்: "சேஃப் ஹோம்."

பதிலுக்கு அதையே சொல்வதுதான் அங்கே மரியாதை. அவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?