நான் வாக்குக் கொடுத்த அப்பாவின் வண்டி

அப்பாவின் வண்டியைத் தானம் செய்தது அப்பா இல்லை, நான். அது அவருக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது.

பிரிக்ஃபீல்ட்ஸில் கைப்பேசி ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். படிப்பு ஏறாத கைக்கு ஸ்க்ரூடிரைவர் நன்றாகப் பழகிவிட்டது. ஒரு நாள் மேரு என்ற ஊரில் முதியோர் இல்லம் நடத்தும் ஆன்டி ஒருவர், உடைந்த போனோடு வந்தார். கண்ணாடி மாற்றும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் கதை கேட்டேன். இல்லத்து வேன் செத்துப்போய்விட்டதாம். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு பேரைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டேக்சிக்காரர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று இரண்டு தாத்தாக்கள் மருந்து வாங்கப் போவதையே நிறுத்திவிட்டார்களாம்.

"எங்க வீட்டுல ஒரு எஸ்யூவி சும்மாதான் நிக்குது ஆன்டி. எடுத்துக்குங்க லா," என்றேன். ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு கொடுப்பதைப் போலத்தான் சொன்னேன்.

சும்மா நின்றது உண்மை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, சின்னக் கார் ஒன்று வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி வீட்டு முன் போர்ச்சை அடைத்துக்கொண்டு நின்றது. என் மோட்டார் சைக்கிள் மழையில் நனைந்தது. என் தர்ம சிந்தனையில் அந்த மழைக்கும் கொஞ்சம் பங்குண்டு.

விஷயத்தைச் சொன்னபோது அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மாதான், மருந்தை நிறுத்திய இரண்டு தாத்தாக்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் தினமும் பேசி அவரைக் கரைத்தார். மூன்றாம் நாள் சரி என்றார். அதற்குப் பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. புது டயர் போட்டார், பேட்டரி மாற்றினார், சீட்டுக்கு உறை தைத்தார். இரண்டு வாரம் மெழுகு பூசித் தேய்த்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு மேக்கப் கிடையாது என்று சொன்னேன். தேய்த்த துணி என் முகத்துக்குப் பறந்து வந்தது. இல்லத்தின் பெயருக்கு மாற்றும் முன் செய்ய வேண்டிய வண்டிச் சோதனையில் முதல் தடவையே பாஸ். அப்பாவுக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

கொடுப்பதற்கு முன் கோயிலில் ஒரு பூஜை போட வேண்டுமென்றார் அம்மா. சனிக்கிழமை கிள்ளானில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். சாவி வாங்க ஆன்டி வந்திருந்தார். கூடவே இல்லத்து டிரைவர், முன்பு கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அங்கிள். ஐயரிடம் போய் விவரம் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மினுமினுக்கிற வண்டியைப் பார்த்து, புதுசா என்று கேட்டார் அவர். என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. "ஆமா சாமி, நேத்துதான் கடையில எடுத்தோம்," என்றேன்.

அவ்வளவுதான். மாலை போட்டார். சந்தனம், குங்குமம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். புது வண்டி என்று சொல்லி மந்திரம் ஓதினார். பக்கத்தில் கை கூப்பி நின்ற அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். பதினான்கு வருடத்துக்கு முன் அதே வண்டியைப் புதிதாக வாங்கி அதே வாசலில் நின்ற அப்பா திரும்பி வந்துவிட்டார்.

அப்பா ஆன்டியிடம் போய் மெதுவாகச் சொன்னார். "பூஜ போட்ட வண்டிய அன்னிக்கே கைமாத்துனா நல்லா இருக்காதுமா. ஒரு மாசம் நாங்க ஓட்டிட்டுத் தர்றோம்."

ஆன்டி சிரித்தார். "பரவால்லீங்க அண்ணே. நாங்க டேக்சி பாத்துக்கறோம்."

எந்த டேக்சி? திரும்பிப் போகிற டேக்சிதானே. ஒரு மாதம் ஒரு வருடமாகும். எனக்கு அப்பாவைத் தெரியும். போதாக்குறைக்கு இது நான் வைத்த வினை.

எலுமிச்சம்பழம் இன்னும் நசுங்கவில்லை. முதலில் வண்டியை ஏற்றி அதை நசுக்குகிறவர்தான் வண்டிக்குச் சொந்தக்காரர் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் போனை எடுத்து அப்பாவின் கையில் திணித்தேன்.

"நீங்க வீடியோ எடுங்கப்பா. நான் எடுத்தா ஆடும்."

வண்டியை எடுக்கப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி போனைப் பிடித்தார். நான் கதவைத் திறந்து லோரி அங்கிளை உள்ளே ஏற்றினேன். அப்பாவின் வாய் திறந்தது. ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் மணி அடித்துக்கொண்டிருந்தார். அங்கிள் கிளட்சை விட்ட விதத்தில் ஒரு குலுக்கல் இல்லை. நான்கு பழமும் நசுங்கின.

அப்பா போனை இறக்கினார். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு டிரைவர் ஜன்னல் பக்கம் போனார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் மொரண்டு பிடிக்கும். அமுக்காதீங்க அண்ணே, கெஞ்சுங்க."

திங்கட்கிழமை பெயர் மாற்ற அப்பாவோடு நானும் போனேன். போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். முப்பது வருடம் கிரேன் நெம்புகோல் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் சிவப்பு காட்டியது. மறுபடியும் சிவப்பு. அப்பாவுக்குச் சாக்கு தானாக வந்து கையில் விழுந்திருக்கிறதே என்று எனக்குப் பயம். பயத்தில் கிண்டல்தான் வந்தது.

"விடுங்கப்பா, வண்டிக்கே மனசில்ல. இன்னொரு நாள் வரலாம்."

"நாளைக்குச் செவ்வாக்கெழமடா, மடையா," என்றார். விரலைச் சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி மெஷினில் வைத்து, பச்சை விளக்கு வரும்வரை அழுத்திக்கொண்டே நின்றார்.